இறங்கும் நேரத்தில் ரேடியோ ஊமையானால்: விமானிகள் சறுக்கும் இடங்கள்

செஸ்னா 172 போன்ற ஒரு சின்ன விமானம். ஓடுபாதை இன்னும் பத்து மைலில். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தை, அதாவது டவரைக் கூப்பிடுகிறீர்கள், பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டும் சத்தமே காணோம். உடனே தலையைக் குனிந்து ரேடியோவை நோண்ட ஆரம்பிப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. நிமிர்ந்து பார்க்கும்போது 200 அடி இறங்கியிருப்பீர்கள், மூக்கும் திசை மாறியிருக்கும். இறக்கை ரேடியோவைக் கேட்டுக்கொண்டு பறப்பதில்லை. முதலில் ஓட்டுங்கள்.

அடுத்தது, சில்லறைக் காரணங்களைப் பார்க்காமலே ‘ரேடியோ போச்சு’ என்று முடிவு கட்டுவது. இவ்வகை விமானங்களின் ஹெட்செட்டில் பொதுவாக இரண்டு பிளக் இருக்கும்: தடித்தது காதுக்கு, மெலிந்தது மைக்குக்கு. முழங்கால் இடித்து மெலிந்தது கொஞ்சம் வெளியே வந்துவிட்டால், டவர் பேசுவது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் பேசுவது டவருக்குக் கேட்காது. வால்யூமைப் பாருங்கள், எந்த ரேடியோ காதில் கேட்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஆடியோ பேனலைப் பாருங்கள், முந்தைய அலைவரிசைக்குப் போய்ப் பாருங்கள். பேசும் பொத்தான் அமுங்கியபடி சிக்கியிருந்தால் ரேடியோ திரையில் ‘டிஎக்ஸ்’ (ஒலிபரப்பாகிறது என்ற குறி) அணையாமல் நிற்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் அந்த அலைவரிசையில் இருக்கும் எல்லோருக்கும் தொல்லை.

சரி, உண்மையிலேயே போய்விட்டது. விமானத்தின் நான்கு இலக்க எண்ணை ரேடாருக்கு அனுப்பும் டிரான்ஸ்பாண்டரில், ரேடியோ பழுதுக்கான 7600 போட வேண்டும். பழைய குமிழ் வகையில் இங்கே ஒரு பொறி உண்டு. அப்போது 2500 இருக்கிறது என்று வையுங்கள். முதல் எண்ணை 7 ஆக்கினால் நடுவில் 7500 வந்து போகும்; அது விமானக் கடத்தலுக்கான எண்! இரண்டாவது எண்ணை முதலில் மாற்றி 2600 ஆக்கி, அப்புறம் 7600 போடுங்கள்.

பதில் வரவில்லை என்பதால் வாயை மூடிக்கொள்வதும் தவறு. கெட்டது ரிசீவர் மட்டுமாக இருக்கலாம். எங்கே இருக்கிறீர்கள், என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லிக்கொண்டே வாருங்கள்.

வானிலை தெளிவாக இருந்தால் தெளிவிலேயே பறந்து, பக்கத்தில் இருக்கும் தகுந்த விமான நிலையத்தில் இறங்குவதுதான் வழி. மேகத்துக்குள் இருப்பவர் செய்யும் தவறு வேறு: சீக்கிரம் இறங்கிவிடலாம் என்று தன்னிஷ்டத்துக்கு உயரத்தைக் குறைப்பது. ஐகாவோ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) விதிப்படி கடைசியாக ஒதுக்கிய வேகத்தையும் உயரத்தையும் ரேடார் உள்ள இடத்தில் 7 நிமிடம், இல்லாத இடத்தில் 20 நிமிடம் காத்து, பிறகு புறப்படுமுன் கொடுத்த பறப்புத் திட்டத்தில் எழுதியபடி போக வேண்டும். அமெரிக்காவில் இந்த நிமிடக் கணக்கு கிடையாது. ஒதுக்கிய உயரம், எதிர்பார்க்கச் சொன்ன உயரம், அந்தப் பகுதியின் குறைந்தபட்ச உயரம் மூன்றில் எது அதிகமோ அதுதான் அங்கே. அங்கே பயிற்சி பெற்றுவிட்டு இந்தியாவில் ஓட்டுபவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ள நிறைய வாய்ப்பு. டவரில் இருப்பவர் உங்கள் அடுத்த அசைவை விதியை வைத்துத்தான் ஊகித்து மற்ற விமானங்களை ஒதுக்கிவிடுகிறார். சொந்தமாக ஒரு புத்திசாலித்தனம் செய்தால் அந்த ஊகம் பொய்த்துவிடும்.

ஓடுபாதையை நெருங்கியதும் கண் டவர் மேல் இருக்கட்டும், அங்கிருந்து லைட் கன் (விமானத்தை நோக்கி வண்ண ஒளி காட்டும் கைவிளக்கு) வெளிச்சம் வரும். எனக்குத் தெரிந்து குழப்பத்துக்கு அதிக இடம் இருப்பது இங்கேதான். அணையாத பச்சை என்றால் இறங்கலாம். மினுக்கும் பச்சை என்றால் இறங்குவதற்காகத் திரும்பி வா என்றுதான் பொருள், அனுமதி பிறகு வரும். அணையாத சிவப்புக்கு மற்ற விமானத்துக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும்; மினுக்கும் சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. பச்சையைப் பார்த்த சந்தோஷத்தில் மினுக்கியதா அணையாமல் நின்றதா என்று கவனிக்காமல் விடுவது சுலபம். பார்த்துவிட்டேன் என்பதற்குப் பகலில் இறக்கையை ஆட்டுவார்கள், இரவில் தரையிறங்கு விளக்கை இருமுறை மினுக்குவார்கள். ஆனால் ஓடுபாதையை நோக்கிய கடைசித் திருப்பங்களில் இறக்கையை ஆட்ட வேண்டாம். தாழ்வாக, மெதுவாகப் போகும்போது அந்த மரியாதையை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

இறங்கிய நிம்மதியில் நேராக நிறுத்துமிடத்துக்கு உருட்டிக்கொண்டு போகாதீர்கள். ஓடுபாதையை விட்டு விலகி நின்று டவரைப் பாருங்கள். தரையில் மினுக்கும் பச்சைக்கு அர்த்தமே வேறு: இப்போது நகரலாம். இன்ஜினை அணைத்ததும் டவருக்கு ஒரு போன் போட்டுப் பறப்புத் திட்டத்தை முடித்துவையுங்கள். மறந்தால், நீங்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது உங்களைத் தேட ஏற்பாடு நடக்கும்.