சாக் வேறு, பாலக் வேறு: கீரைக் கறிப் பெயர்களில் செய்யக்கூடாத தவறுகள்

வட இந்திய உணவகத்தில் 'சாக் பனீர்', 'பாலக் பனீர்' இரண்டையும் பார்த்துவிட்டு, ஒன்றுதானே என்று நினைப்பவர்கள் நிறைய. பாலக் (ஆங்கிலத்தில் 'ஸ்பினாச்') என்பது ஒரே ஒரு கீரை. சாக் என்பது நாம் பொதுவாகக் 'கீரை' என்கிறோமே, அது. கடுகுக்கீரையும் சாக்தான், வெந்தயக்கீரையும் சாக்தான். பாலக் பனீரைச் சாக் பனீர் என்று சொல்வதில் பிழையில்லை. ஆனால் சாக் என்று எழுதியதையெல்லாம் பாலக் என்று எடுத்துக்கொண்டால் சமையல் தடம் மாறிவிடும். பிரிட்டன், அமெரிக்க இந்திய உணவகங்களில் சாக் என்று வருவது பெரும்பாலும் பாலக்தான் என்பதால் இந்தக் குழப்பம் இன்னும் கூடிவிட்டது.

பஞ்சாபின் 'சர்சோன் கா சாக்' இதனால்தான் அதிகம் கெடுகிறது. அதில் முதன்மை கடுகுக்கீரை. அதன் காரத்தையும் கசப்பையும் தணிக்கத்தான் பாலக்கும் பதுவாவும் (நம் சக்கரவர்த்திக் கீரை) சேர்கின்றன. குளிர்காலத்தில் மெல்லிய தீயில் மணிக்கணக்கில் வெந்து, மத்தால் கடைந்து, மக்காச்சோள மாவு தூவிக் கெட்டியாகி, மேலே வெண்ணெயோடு வரும். வெறும் பாலக்கைப் பத்து நிமிடம் வதக்கி அந்தப் பெயரைச் சூட்டுவது அந்த உணவுக்குச் செய்யும் அநியாயம். பாலக் பனீருக்கான பாலக்கையோ அவ்வளவு நேரம் வேகவிடவே கூடாது, பச்சை நிறம் போய்ப் பழுப்பாகிவிடும். கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு, உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றி, அப்புறம் அரைத்தால் போதும்.

இன்னொரு தவறு நம் சந்தையிலேயே நடக்கிறது. பாலக்கையும் பசலை என்று சொல்லி விற்கிறார்கள். பசலை கொடியில் படரும், இலை தடிப்பு, வெந்தால் வழவழப்பு. பாலக் பனீருக்கு அதை வாங்கினால் அந்தப் பக்குவம் வராது. வங்காளத்தில் இதே பசலைதான் 'புய் ஷாக்'. இலிஷ் (ஹில்சா) மீன் தலையோடு சமைப்பார்கள், அருமையான சேர்க்கை. ஆங்கிலத்தில் இதற்கு 'இண்டியன் ஸ்பினாச்' என்றும் பெயர் இருப்பதால், 'ஸ்பினாச்' என்ற சொல்லை மட்டும் நம்பிச் செய்முறையைத் தேடாதீர்கள்.

'ஹரியாலி' (இந்தியில் பசுமை) என்றாலும் கீரை என்று முடிவு கட்ட வேண்டாம். ஹரியாலி சிக்கனின் பச்சை பெரும்பாலும் கொத்தமல்லி, புதினாவிலிருந்து வருவது.

கடைசியாக, நாம் செய்யும் தவறு. அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை எல்லாம் தண்டுக்கீரை இனம். பாலக்குக்கு ஒன்றுவிட்ட உறவு மட்டுமே. அவற்றின் கடையலையும் மசியலையும் 'ஸ்பினாச் கறி' என்று எழுதினால், வெளியூரில் இருப்பவர் பாலக்கை வாங்கிக் கடைந்துவிட்டு, சுவை ஏன் வரவில்லை என்று குழம்புவார். 'அரைக்கீரைக் கடையல்' என்றே எழுதுங்கள். இலையின் பெயர், செய்யும் விதம் இரண்டும் அதிலேயே இருக்கின்றன.