வீடற்றவர்களின் வாய்நலம்: துணை நிற்பவர்களுக்கான வழிமுறை

தெருவோரத்திலோ தற்காலிகத் தங்குமிடத்திலோ வாழும் ஒருவருக்கு வாய்நலத்தில் உதவ விரும்பினால், பற்களைப் பற்றிய பேச்சோடு தொடங்காதீர்கள். "எந்தப் பக்கம் மெல்லுகிறீர்கள்? வலியால் இரவில் விழித்துக்கொள்கிறீர்களா?" என்று கேளுங்கள். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பதில் சொல்பவரிடம் "பல் தேய்க்கிறீர்களா?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டால், அவர் மறுபடி நம்மிடம் வரமாட்டார்.

வாய்நலம் வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்பதை அளக்க, கேரி ஸ்லேட் என்பவர் 1997-இல் வெளியிட்ட 14 வினாக்கள் கொண்ட பட்டியல் பல நாடுகளில் பயன்படுகிறது. சொத்தைப் பற்கள் எத்தனை என்று அது கேட்பதில்லை. சொற்களை உச்சரிக்கச் சிரமமா, சுவை குறைந்ததா, பாதிச் சாப்பாட்டில் எழ நேர்ந்ததா, பிறர் முன் கூச்சமா, வழக்கமான வேலைகளைச் செய்ய முடியவில்லையா என்றே கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 56, எண் கூடக் கூடப் பாதிப்பும் கூடுதல். படிவத்தை வரிசையாக வாசித்துக் காட்டாமல், பேச்சின் போக்கிலேயே இவற்றைக் கேட்டறிவது நல்லது என்பது என் கருத்து.

அடுத்தது பல் துலக்குதல். குழாயடி கிடைக்காததால்தான் துலக்குவதில்லை என்று பலர் சொல்வார்கள். உண்மையில் ஃபுளோரைடு பற்பசைக்கு நிறைய தண்ணீர் தேவையில்லை. பட்டாணி அளவு பற்பசையை உலர்ந்த பிரஷில் வைத்து, முட்கள் ஈறும் பல்லும் சேரும் விளிம்பைத் தொடும்படி சற்றே சாய்த்துப் பிடித்து, இரண்டு நிமிடம் மெதுவாகத் துலக்கி, நுரையைத் துப்பிவிட்டால் போதும். அதன்பின் வாய் கொப்பளிக்காமல் இருந்தால் ஃபுளோரைடு பற்களில் தங்கி வேலை செய்யும். இதைச் சொல்வதோடு நிற்காமல் செய்தும் காட்டுங்கள், ஏனெனில் தண்ணீரில்லாமல் துலக்கலாம் என்பதையே பலர் நம்புவதில்லை. பற்பசையில் ஃபுளோரைடு பத்து லட்சத்தில் 1,000 முதல் 1,500 பங்கு இருக்கிறதா என்று உறையில் பாருங்கள். காற்றுப் புகும் மூடியுள்ள பிரஷைக் கொடுங்கள். ஈறில் இரத்தம் கசிந்தால் துலக்குவதை நிறுத்தக்கூடாது. அழுக்குப் படிவு நீங்கினால்தான் பெரும்பாலும் அந்தக் கசிவு குறையும். காலை, இரவு இரண்டு வேளையும் முடியாதவர் உறங்குமுன் ஒரு வேளையாவது துலக்கட்டும்.

மனநலத்துக்கான மருந்துகள் பலவும் வாயை உலர்த்துவதால் சொத்தை விரைவாகப் பரவும். அதற்காக மருந்தை நிறுத்தச் சொல்லாமல், அடிக்கடி தண்ணீர் பருகவும் இனிப்புப் பானங்களைக் குறைக்கவும் சொல்லுங்கள்.

வலிக்குச் சிலர் ஆஸ்பிரின் மாத்திரையை ஈறிலேயே வைத்துவிடுகிறார்கள். அது ஈறைப் புண்ணாக்கிவிடும். பாராசிட்டமால் பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக்கூடாது. மதுப் பழக்கம், கல்லீரல் கோளாறு, உடல் மெலிவு உள்ளவர்களுக்கு அந்த அளவே ஆபத்தாகலாம் என்பதால் மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும். கன்னமோ தாடையின் அடிப்பகுதியோ வீங்கி, காய்ச்சலுடன் வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால், பல் மருத்துவரின் முறை வரும்வரை காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்தச் சீழ்த்தொற்று மூச்சுப் பாதையை அடைத்துவிடக்கூடும். புகையிலையோ மதுவோ பயன்படுத்துபவரின் வாய்ப்புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாவிட்டால், அது வலிக்காவிட்டாலும், புற்றுநோய்க்கான பரிசோதனை அவசியம்.

மருத்துவரிடம் அனுப்பும்போது முகவரிச் சீட்டை மட்டும் கையில் கொடுத்துவிடாதீர்கள். உடைமைகளை எங்கே வைப்பது, தங்குமிடத்தின் உணவு நேரம் தவறிவிடுமா, வரவேற்பு மேசையில் முகவரி கேட்டால் என்ன சொல்வது ஆகிய மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகே பலர் கிளம்புவார்கள். இயன்றால் கூடவே செல்லுங்கள். முதல் வருகையில் வலியை மட்டும் தீர்த்துத் தருமாறு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். துளையிடாமல் சொத்தையைத் தடுத்து நிறுத்தும் வெள்ளி டைஅமின் ஃபுளோரைடு என்ற பூச்சு மருந்து 2021-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. ஊசிக்கு அஞ்சுபவர்களுக்கு அது பெரும் உதவி. ஆனால் பூசிய சொத்தை கறுத்துவிடும் என்பதை முன்பே சொல்லி, குறிப்பாக முன்பல் என்றால், சம்மதம் பெற வேண்டும்.

முன்பற்களைப் பிடுங்கும் முடிவில் அவசரம் வேண்டாம். வலி நீங்கியும், அந்த இடைவெளியோடு வேலை கேட்கப் போக ஒருவர் தயங்கலாம். மாற்றுப் பல் எப்போது கிடைக்கும் என்று அன்றே கேட்டு எழுதி வாங்குங்கள். பல்செட் கிடைத்தால், தங்குமிடத்தில் மாறிவிடாமலிருக்க அதில் பெயர்க்குறி பதிக்கச் சொல்லி, இரவில் தண்ணீரில் போட்டுவைக்க மூடியுள்ள டப்பா ஒன்றையும் கொடுங்கள். சில வாரங்கள் கழித்து, முதலில் கேட்ட அதே கேள்விகளை மறுபடி கேட்டுப் பதில்களைக் குறித்துவையுங்கள். இன்னும் ஒரே பக்கமாக மெல்லுகிறார் என்றால் அடுத்த சந்திப்புக்கு அன்றே நேரம் வாங்குங்கள்.