வார்ஸியாவில் வீடும் நிலமும் படகும்: அடிக்கடி நடக்கும் தவறுகள்

பிரேசிலின் அமேசான் ஆற்றோரத்தில் நிலம் இரண்டு வகை. வெள்ளம் எட்டாத மேடு தெர்ரா ஃபிர்மே. ஆண்டுதோறும் ஆறு ஏறி வந்து வண்டலை விட்டுவிட்டு இறங்கும் படுகை வார்ஸியா. ரிபெய்ரின்யோ எனப்படும் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல வாழ்வது இந்தப் படுகையில்தான். இங்கே நடக்கும் தவறுகளில் முக்கால்வாசிக்குக் காரணம் ஒன்றே: தண்ணீர் வற்றியிருக்கும்போது இடத்தைப் பார்த்து, அதுதான் இடம் என்று நம்பிவிடுவது.

மனாவுஸ் துறைமுகத்தில் 1902 முதல் நீர்மட்டம் அளக்கிறார்கள். 2021 ஜூனில் அது 30.02 மீட்டர், 2024 அக்டோபரில் 12.11 மீட்டர். மூன்றரை ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 18 மீட்டர் வித்தியாசம், அதாவது ஆறு மாடி உயரம்.

பலாஃபிட்டா என்னும் கால்வீடு கட்டும்போது போன ஆண்டு வெள்ளத்தை வைத்துத் தளத்தின் உயரத்தை முடிவு செய்வது முதல் தவறு. பழைய மரங்களின் அடியிலும் பள்ளிக்கூடச் சுவரிலும் இருக்கும் கறைக்கோடுகளில் மிக உயரமானதைத் தேடுங்கள். அதற்கும் மேலே ஒரு முழமாவது விட்டுத் தளம் போடுங்கள். அப்படியும் ஏதாவது ஓர் ஆண்டு தண்ணீர் உள்ளே வரும். அப்போது வீட்டுக்குள்ளேயே பலகை அடித்துத் தளத்தை உயர்த்துவார்கள். அதற்கு மரோம்பா என்று பெயர். சுவர் வெறும் இரண்டு மீட்டர் உயரம் என்றால், மரோம்பா போட்டதும் கூரைக்கும் தளத்துக்கும் நடுவே தவழத்தான் முடியும். மூன்று மீட்டர் வையுங்கள். தளப் பலகைகளை நெருக்கி அடிக்காமல் விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். இடைவெளி இல்லாத தளத்தை ஏறும் தண்ணீர் அப்படியே தூக்கிவிடும்.

கால்களுக்கு மசரண்டூபா, அக்காப்பு போன்ற கெட்டி மரங்களின் வைரம்தான் வேண்டும். வெளிப்புற வெண்மரத்தைச் செதுக்காமல் நட்டால், நனைந்து காய்ந்து நனைகிற அந்த ஒரு சாண் உயரத்தில்தான் முதலில் உளுக்கும். மண்ணுக்குள் இருக்கும் பகுதி நன்றாகவே இருக்கும். மேலே இருப்பதும் நன்றாகவே இருக்கும். அதனால் ஆண்டுக்கு ஒரு முறை அந்த இடத்தைக் கத்தி முனையால் குத்திப் பாருங்கள்.

எங்கே கட்டுவது என்பது இதைவிடப் பெரிய கேள்வி. ஆற்று வளைவின் வெளிக்கரையில் தண்ணீர் ஆழம், படகு வாசலுக்கே வரும், காற்றும் வரும். எல்லோருக்கும் அந்த இடம்தான் பிடிக்கும். ஆறு அரிப்பதும் அதே கரையைத்தான். கரை பாளம் பாளமாகச் சரிவதற்கு அங்கே தெர்ராஸ் கயீதாஸ், ‘விழுந்த நிலங்கள்’, என்று பெயர். வெள்ளம் ஏறும்போதுதான் ஆபத்து என்று நினைப்பது தவறு. தண்ணீர் வேகமாக இறங்கும்போது, நீர் ஊறிக் கனத்த கரைக்கு வெளியிலிருந்து இருந்த தாங்கல் போய்விடுகிறது. அப்போதும் பெரிய சரிவுகள் வரும். ஆற்றுக்கு இணையாகத் தரையில் வெடிப்பு ஓடுகிறதா, கரையோர மரங்கள் ஆற்றுப் பக்கம் சாய்கின்றனவா என்று பாருங்கள். வெடிப்பைக் கண்டபின் மண் போட்டு மூடிப் பயனில்லை. வீட்டைத்தான் பிரித்து நகர்த்த வேண்டும். ஆணி அடிப்பதற்குப் பதில் போல்ட் போட்டுக் கட்டியிருந்தால் பிரிப்பது எளிது. உள்வளைவு அரிக்காது, ஆனால் அங்கே மணல் சேர்ந்துகொண்டே போகும், சில ஆண்டுகளில் கோடைக்குத் தண்ணீர் எடுக்க வெகுதூரம் நடக்க வேண்டிவரும்.

மிதக்கும் வீடு என்றால் இந்தக் கவலையே இல்லை என்பார்கள். கவலையின் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். அசாக்கு மரத்தின் பெரிய தண்டுகள்மேல் அந்த வீடு நிற்கும் (அந்த மரத்தின் பால் கண்ணில் பட்டால் கொடுமை, வெட்டும்போது கவனம்). வறட்சியில் ஆறு ஒரே நாளில் 20, 30 சென்டிமீட்டர் இறங்கலாம். இரவில் கயிற்றைத் தளர்த்தி வீட்டை ஆழத்துக்குத் தள்ளாமல் விட்டால், விடியும்போது ஒரு முனை சேற்றில் உட்கார்ந்திருக்கும். வீட்டின் பாரம் முழுவதும் இரண்டே தண்டுகளில் இறங்கி அவை முறியும். படகுக்கும் இதே கதி. இறங்குநீரில் கயிற்றை இறுக்கிக் கட்டினால் படகு தொங்கிக் கவிழும்.

இனி நிலம். ‘ரெசீபு’ என்ற கைச்சீட்டைக் கொடுத்து வாங்கி வார்ஸியாவில் நிலம் கைமாறுவது வழக்கம். சீட்டை வைத்திருப்பவர் தன்னை நில உரிமையாளர் என்றே நினைத்துக்கொள்கிறார். 1988 அரசியலமைப்பின் 20ஆம் பிரிவின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் ஓடும் ஆறுகளும் அவற்றின் கரைநிலமும் ஒன்றிய அரசின் சொத்து. அந்தச் சீட்டால் கைமாறுவது வீடும் நட்ட மரங்களும் மட்டுமே. இருப்பவருக்குப் பாதுகாப்பு தரும் தாள் வேறு: ஒன்றியச் சொத்துச் செயலகம் தரும் நிலைத்த பயன்பாட்டு அனுமதி, சுருக்கமாகத் ‘தாவ்ஸ்’. வீடு இருக்கும் புள்ளியைக் குறித்துக்கொண்டு, அதைச் சுற்றி 500 மீட்டர் ஆரம் வரை, அண்டை வீட்டார் காலங்காலமாகப் புழங்கும் இடத்தில் கைவைக்காமல், பயன்படுத்த அனுமதிக்கிறது அது. பட்டா என்று நினைத்து இதை விற்க முயல்வது ஒரு தவறு. பட்டா இல்லையே என்று வாங்காமலே இருப்பது அதைவிடப் பெரிய தவறு, ஏனென்றால் ஓய்வூதியத்துக்கும் விவசாயக் கடனுக்கும் குடியிருப்புச் சான்றாக நிற்பது இதுதான். கரை சரிந்து வீட்டை நகர்த்தினால் தாளில் உள்ள புள்ளி தானாக நகராது. எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏரியில் மட்டும் யாருக்கும் உரிமை இல்லை என்று வலை வீசிவிடாதீர்கள். பல ஏரிகளுக்கு ஊர்களுக்குள் மீன்பிடி ஒப்பந்தம் உண்டு. மமிராவா பகுதியில் 1999 முதல் ‘பிராருக்கு’ என்னும் மீனை எண்ணிப் பிடிக்கிறார்கள். இந்த மீன் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். அனுபவப்பட்ட மீனவர்கள் 20 நிமிடக் கணக்கில் அதை எண்ணிவிடுவார்கள். ஒன்றரை மீட்டருக்கு மேற்பட்ட மீன்களில் 30 விழுக்காடு வரைதான் பிடிக்கலாம். இரவில் திருட்டுத்தனமாகப் பிடிக்கும் ஒவ்வொரு மீனும் அடுத்த ஆண்டு ஊர்க் கணக்கில் குறையும். யார் பிடித்தார் என்று தெரியவும் அதிக நாள் ஆகாது.

குடிநீரில் கிருமி கொல்லும் மருந்து விடுமுன் தெளியவைக்காதது வழக்கமான பிழை. படிகாரம் போட்டு அடங்கவிட்டு, துணியில் வடிகட்டி, அதன்பின் 2.5 விழுக்காடு ஹைபோகுளோரைட்டை லிட்டருக்கு 2 சொட்டு விட்டு 30 நிமிடம் காத்திருங்கள். கலங்கல் நீரில் விட்டால் சேறே மருந்தைத் தின்றுவிடும்.

கடைசியாகப் படகு எஞ்சின். பாரா, அமாப்பா மாநிலங்களில் நடுவில் எஞ்சின் வைத்த சிறு படகுகளில், சுழலும் தண்டு அடித்தளத்தில் திறந்தே ஓடும். தண்ணீர் இறைக்கவோ விழுந்ததை எடுக்கவோ குனியும் பெண்கள், சிறுமிகளின் நீண்ட கூந்தல் அதில் சிக்கினால் நொடியில் தலைத்தோலே உரிந்துவிடும். கூந்தலை முடிந்தால் போதும் என்பது தவறான நம்பிக்கை, முடிச்சு அவிழும். தண்டுக்கு மூடி போட வேண்டும் என்று 2009இல் 11.970 எண் கொண்ட சட்டமே வந்தது. துணியையோ பலகையையோ போர்த்தி ஒப்பேற்றாதீர்கள். அதிர்வில் அவை நகர்ந்துவிடும். விபத்து நடந்துவிட்டால் எஞ்சினை உடனே நிறுத்தி, சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து, பிரிந்த தோலைச் சுத்தமான பையில் போட்டு, பனிக்கட்டி நேரடியாகப் படாமல் குளிரவைத்து மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். கடற்படையின் துறைமுக அலுவலகம் இந்த மூடியை இலவசமாகவே பொருத்திக் கொடுக்கிறது.