"ஹேப்பி மெமோரியல் டே" சொல்லாதீர்கள்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மே மாதக் கடைசித் திங்கட்கிழமை நாடு முழுக்க விடுமுறை. வந்த புதிதில் அது நமக்கு லாங் வீக்கெண்டாகவும், மெத்தையிலிருந்து கார் வரை எல்லாவற்றிலும் தள்ளுபடியாகவும்தான் அறிமுகமாகிறது. வெள்ளிக்கிழமை அலுவலகத்திலிருந்து கிளம்பும்போது வாழ்த்துச் சொல்ல வாய் வரும். வேண்டாம். அது போரில் உயிர்விட்டவர்களை நினைக்கும் நாள். எதிரில் நிற்பவர் மகனையோ தங்கையையோ பறிகொடுத்தவராக இருக்கலாம். "ஹேவ் எ குட் வீக்கெண்ட்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நவம்பர் 11-இல் வரும் வெட்டரன்ஸ் டே வேறு. 1918-இல் முதல் உலகப் போர் ஓய்ந்த நாள் அது. படையில் பணியாற்றிய எல்லோருக்கும், முக்கியமாக உயிரோடு இருப்பவர்களுக்கு உரியது. அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் "தாங்க் யூ ஃபார் யுவர் சர்வீஸ்" என்று தாராளமாகச் சொல்லலாம்.

மெமோரியல் டேயின் வேர் உள்நாட்டுப் போரில் இருக்கிறது. 1861 முதல் 1865 வரை நடந்த அந்தப் போரில் மாண்டவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். அவர்களின் கல்லறைகளில் பூ வைக்கும் நாளாக 1868 மே 30 குறிக்கப்பட்டது. அதுதான் பின்னர் திங்கட்கிழமைக்கு மாறியது. இப்போதும் அன்று கொடியை நண்பகல் வரை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டு, பிறகு உச்சிக்கு ஏற்றுகிறார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு நிமிட மௌனம். மளிகைக் கடை வாசலில் ஒரு முதியவர் சிவப்புக் காகிதப் பூவை நீட்டினால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் போடும் காசு முன்னாள் வீரர்களின் நலனுக்குப் போகும்.

வீடுகளில் சில அடையாளங்கள் கண்ணில் படும். ஜன்னலில் நீல நட்சத்திரம் போட்ட சிறு பதாகை இருந்தால், அந்த வீட்டைச் சேர்ந்த ஒருவர் படையில் இருக்கிறார் என்று அர்த்தம். பொன் நட்சத்திரம் என்றால் அவர் பணியில் இறந்துவிட்டார். கூடத்து அலமாரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் முக்கோணமாக மடித்த கொடி இருக்கலாம். பெரும்பாலும் அது இறுதிச் சடங்கில் சவப்பெட்டி மேல் போர்த்தியிருந்து, பிறகு குடும்பத்தார் கையில் கொடுக்கப்பட்டது. அழகாயிருக்கிறதே என்று சொல்லிவிட்டு நகர வேண்டாம். யாருடையது என்று மெதுவாகக் கேளுங்கள். பெரும்பாலானோர் அந்தப் பெயரைச் சொல்லவே விரும்புவார்கள்.

இனி அரசியல். நம்மவர்கள் அதிகம் குழம்புவது இதில்தான். எந்தக் கட்சி மேடையிலும் கொடி இருக்கும், சீருடை இருக்கும், மகனை இழந்த தாய் ஒருவர் இருப்பார். இது முழுக்க நாடகம் என்றும் முடிவு கட்டாதீர்கள், மேடையில் சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்கவும் வேண்டாம். இங்கே போர் ஒரு கணக்கு, போர்வீரர் வேறு கணக்கு. வியட்நாம் போரின்போது இரண்டும் ஒன்றாகிப்போய், திரும்பி வந்த பல இளைஞர்களுக்கு வரவேற்பே கிடைக்கவில்லை. அந்தக் குற்ற உணர்வு இன்னும் இருக்கிறது. 1973-இல் கட்டாய ஆள்சேர்ப்பு நின்றதிலிருந்து விரும்பிச் சேர்பவர்கள்தான் படையில் இருக்கிறார்கள்; இன்று நூறு பேரில் ஒருவர்கூடச் சீருடையில் இல்லை. மற்றவர்களின் நன்றி இவ்வளவு ஓங்கி ஒலிப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஈராக் போர் தவறு என்று கொதிப்பவரும் அங்கே இறந்தவரின் ஊர்வலத்தில் தலை குனிந்து நிற்பார். அதில் முரண் எதுவும் இல்லை.

வந்தேறிகளான நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பெயர் கேப்டன் ஹுமாயூன் கான். பாகிஸ்தானிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. 2004 ஜூனில் ஈராக்கில், முகாம் வாசலை நோக்கி வந்த ஒரு டாக்சி மேல் சந்தேகம் வந்ததும், தன் வீரர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் முன்னால் நடந்தார். குண்டு வெடித்தது. 2016-இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அவருடைய தந்தை கிஸ்ர் கான் சட்டைப் பையிலிருந்து அரசியல் சாசனப் புத்தகத்தை எடுத்துக் காட்டி, டிரம்ப்பை நேரடியாகக் கேள்வி கேட்டார். டிரம்ப் பதிலுக்கு அந்தப் பெற்றோரைத் தாக்கிப் பேச, அவருடைய கட்சியைச் சேர்ந்த ஜான் மெக்கெய்னே கண்டித்து அறிக்கை விட்டார். மெக்கெய்ன் வியட்நாமில் ஐந்தரை ஆண்டு போர்க்கைதியாக இருந்தவர். பிள்ளையைக் கொடுத்த குடும்பத்தின் மேல் கை வைத்தால் சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு கிளம்பும் என்பதை அப்போது எல்லோரும் பார்த்தோம்.

தேசிய கீதம் ஒலித்தால் எழுந்து நில்லுங்கள். குடியுரிமை இல்லாதவர்கள் நெஞ்சில் கை வைக்க வேண்டியதில்லை. அமைதியாக நின்றால் போதும். பள்ளியில் காலையில் பிள்ளைகள் கொடி உறுதிமொழி சொல்வார்கள். யாரையும் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1943-இலேயே, உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, தீர்ப்பளித்துவிட்டது. கீதத்தின்போது மண்டியிட்டு எதிர்ப்புக் காட்டிய அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் காலின் கேப்பர்னிக் முதலில் உட்கார்ந்துதான் இருந்தார். முன்னாள் ராணுவ வீரரான நேட் பாயர் அவரிடம் பேசிய பிறகே, மரியாதையும் இருக்கட்டும் என்று மண்டியிடத் தொடங்கினார். அது சரியா தவறா என்று இன்றைக்கும் ஒரே வீட்டுக்குள் சண்டை நடக்கும். புதிதாகச் சேர்ந்த அலுவலகத்தில் இந்தப் பேச்சை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

இலங்கையிலிருந்து வந்தவர்களுக்குச் சீருடை வேறு நினைவுகளைக் கிளறும். ஊர்வலத்துக்குப் போக மனம் வரவில்லை என்றால் போக வேண்டாம், யாருக்கும் விளக்கமும் சொல்ல வேண்டாம்.

அப்புறம், கிரீன் கார்டு வீட்டில் இருக்கிறதா? 18 முதல் 25 வயது வரையுள்ள ஆண் பிள்ளைகளின் பெயர், கட்டாய ஆள்சேர்ப்பு மறுபடி வந்தால் பயன்படுத்த அரசு வைத்திருக்கும் செலக்டிவ் சர்வீஸ் பதிவேட்டில் இருக்க வேண்டும். இது படையில் சேர்வது அல்ல, பெயர்ப் பதிவு மட்டுமே. விட்டுவிட்டால் பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தில் கேள்வி வரும். செல்லுபடியாகும் எஃப்-1, எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு இது கிடையாது.

வாஷிங்டன் போனால் வியட்நாம் நினைவுச் சுவருக்கு அரை நாள் ஒதுக்குங்கள். கறுப்புக் கல்லில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இறந்த தேதி வரிசையில் செதுக்கப்பட்டிருக்கின்றன. அதனால் ஒரே நாளில் ஒன்றாக மாண்டவர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். குறிப்பிட்ட ஒரு பெயரைத் தேடுகிறீர்கள் என்றால் அருகிலிருக்கும் பெயர்ப் புத்தகத்தில் பலகை எண்ணைப் பார்த்துக்கொண்டு போங்கள். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஆர்லிங்டன் கல்லறைக்கு அடையாள அட்டை எடுத்துச் செல்லுங்கள். அங்கே பெயர் தெரியாத வீரர் கல்லறையில் கோடையில் அரை மணிக்கு ஒருமுறை காவல் மாறும். அந்த நேரத்தில் நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும், பேசக் கூடாது. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப் போங்கள்.