விஸ்பியர் கிளையண்டில் கோப்பு ஏற மறுக்கிறதா? சான்றிதழ்ச் சிக்கலைப் படிப்படியாகத் தீர்க்கும் முறை

மெய்நிகர் கணினிகளை உலாவி வழியாக நிர்வகிக்க உதவும் விஎம்வேரின் விஸ்பியர் கிளையண்டில் நுழைந்து, அவற்றின் கோப்புகள் சேமிக்கப்படும் டேட்டாஸ்டோர் ஒன்றைத் திறந்து, நான்கைந்து ஜிபி அளவுள்ள ஐஎஸ்ஓ கோப்பு (ஒரு வட்டின் முழு நகல்) ஒன்றைப் பதிவேற்றத் தொடங்கியதுமே, காரணம் அறிய முடியாதபடி செயல் தோல்வியடைந்தது என்றும், உலாவி நம்பாத சான்றிதழ்களால் (ஒரு சேவையகம் தான் யார் என்று காட்டும் மின்னணு அடையாளங்கள்) இவ்வாறு நேர்வது வழக்கம் என்றும் ஒரு செய்தி தோன்றுவதுண்டு. அதன் கீழே ஒரு முகவரியும் இருக்கும். புதியவர்கள் குழம்புவது இங்கேதான். எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மையச் சேவையகமான விசென்டரின் எச்சரிக்கைப் பக்கத்தைக் கடந்துதானே உள்ளே வந்தோம், இன்னும் எந்தச் சான்றிதழ் பாக்கி என்று தோன்றும்.

பாக்கியிருப்பது விசென்டரின் சான்றிதழ் அன்று, மெய்நிகர் கணினிகளைத் தாங்கி இயக்கும் சேவையகமான இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டின் சான்றிதழ். திரையில் நீங்கள் காண்பது விசென்டரின் பக்கமே என்றாலும், டேட்டாஸ்டோருக்குப் போகும் கோப்பை உங்கள் உலாவி விசென்டரிடம் கொடுப்பதில்லை; அந்த டேட்டாஸ்டோரை இணைத்திருக்கும் ஹோஸ்ட் ஒன்றுக்கு 443ஆம் போர்ட் வழியாக நேரடியாக அனுப்புகிறது. இந்த இணைப்பு பின்னணியில் நடப்பதால், எச்சரிக்கைப் பக்கத்தைக் காட்டி உங்கள் ஒப்புதலைக் கேட்க உலாவிக்கு வாய்ப்பில்லை. இணைப்பைச் சத்தமின்றித் துண்டித்துவிடுகிறது. துண்டித்த காரணத்தைப் பக்கத்தில் ஓடும் நிரலுக்கு அது சொல்வதும் இல்லை. ஆகவே சான்றிதழ்தான் காரணம் என்று அந்தச் செய்தி சொல்வது ஓர் ஊகமே. ஓவிஏ கோப்பிலிருந்து (ஒரு மெய்நிகர் கணினியை ஒரே கோப்பாகப் பொதிந்தது) மெய்நிகர் கணினியை உருவாக்கும்போதும் இதே தடை வரக்கூடும்.

படி 1: எது தடுக்கிறது என்று பாருங்கள்

செய்தியில் உள்ள முகவரியைப் புதிய தாவலில் திறந்து, வருவதை நிதானமாகப் படியுங்கள். பக்கமே திறக்காமல் நெடுநேரம் சுற்றிக்கொண்டிருந்தாலோ, பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தாலோ, அது சான்றிதழ்ச் சிக்கல் அன்று. உங்கள் கணினியின் டிஎன்எஸ் (பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சேவை) அந்த ஹோஸ்டின் பெயரை அறியவில்லை, அல்லது நடுவில் உள்ள ஃபயர்வால் 443ஆம் போர்ட்டை அடைத்திருக்கிறது. விசென்டர் அந்த ஹோஸ்டை அடைகிறது என்பதாலேயே உங்கள் மேசைக் கணினியும் அடையும் என்று கொள்ள முடியாது.

எச்சரிக்கைப் பக்கம் வந்தால், குரோமும் எட்ஜும் அதில் காட்டும் பிழைக் குறியீட்டைக் கவனியுங்கள். 'அத்தாரிட்டி இன்வேலிட்' என்றிருந்தால், சான்றிதழை வழங்கியவரை உங்கள் கணினி அறியவில்லை என்று பொருள். பெரும்பாலும் இதுவே வரும், அடுத்த படி இதற்கானது. 'காமன் நேம் இன்வேலிட்' என்றிருந்தால், நீங்கள் திறந்த பெயர் சான்றிதழில் இல்லை. ஹோஸ்டை ஐபி எண்ணால் விசென்டரில் சேர்த்திருந்தாலோ, பின்னர் பெயரை மாற்றியிருந்தாலோ இது நேரலாம். 'டேட் இன்வேலிட்' என்றிருந்தால் சான்றிதழ் காலாவதியாகியிருக்கலாம், அல்லது உங்கள் கணினியின் கடிகாரம் பிழையாக ஓடலாம். கடிகாரத்தை முதலில் பாருங்கள். அரை நிமிட வேலை.

படி 2: மூலச் சான்றிதழை நிறுவுங்கள்

எச்சரிக்கையை ஒருமுறை ஏற்றுக்கொண்டு பதிவேற்றத்தை மீண்டும் தொடங்கினால் வேலை முடிந்துவிடும் என்பது உண்மைதான். ஒரே ஹோஸ்ட் உள்ள சோதனைக்கூடத்துக்கு அது போதும். ஆனால் அந்த ஒப்புதல் அந்த ஒரு பெயருக்கு மட்டுமே பொருந்தும், சில நாட்களில் மறந்தும் போகும். பல ஹோஸ்ட்கள் பகிரும் டேட்டாஸ்டோரில் இம்முறை எந்த ஹோஸ்ட் கோப்பை வாங்கிக்கொள்ளும் என்பது உங்கள் கையில் இல்லாததால், நேற்று ஏறிய கோப்பு இன்று ஏறாமல் போவதும் உண்டு.

விஸ்பியர் 6.0 முதல், விசென்டருடன் சேர்ந்தே விஎம்சிஏ என்னும் சான்றிதழ் ஆணையம் இயங்குகிறது. இயல்பான அமைப்பில், விசென்டரில் சேரும் ஒவ்வொரு ஹோஸ்டுக்கும் சான்றிதழ் வழங்குவது அதுவே. ஆகவே அது வழங்கும் சான்றிதழ்களுக்கெல்லாம் அடிப்படையான அதன் மூலச் சான்றிதழ் ஒன்றை நம்பினால், அத்தனை ஹோஸ்ட்களையும் நம்பியதாகிவிடும். விசென்டரின் முழுப் பெயரை உலாவியில் தட்டி, உள்நுழையாமல் முதற்பக்கத்திலேயே நின்றால், நம்பகமான மூலச் சான்றிதழ்களைத் தரவிறக்குவதற்கான இணைப்பு அங்கே இருக்கும். கிடைப்பது ஒரு ஜிப் கோப்பு; பழைய பதிப்புகளில் பின்னொட்டு இல்லாமல் இறங்கினால் நீங்களே ஜிப் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். விரித்தால் லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றுக்கும் தனித்தனிக் கோப்புறைகள் கிடைக்கும்.

விண்டோஸ் கோப்புறையில் சிஆர்டி என்று முடியும் கோப்பை இருமுறை சொடுக்கி, நிறுவும் பொத்தானை அழுத்தி, 'லோக்கல் மெஷின்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த திரையில், சேமிப்பிடத்தைத் தானாகத் தீர்மானிக்க விண்டோஸிடம் விடாமல், 'டிரஸ்டட் ரூட் சர்டிஃபிகேஷன் அத்தாரிட்டீஸ்' என்பதை நீங்களே குறிப்பிடுங்கள். தானாக விட்டால் அது வேறு இடத்தில் போய் அமரக்கூடும், பிழையும் அப்படியே நீடிக்கும். மேக் கணினியில் கீசெயின் அக்சஸில் சேர்த்து, எப்போதும் நம்புமாறு அமைக்க வேண்டும். ஃபயர்பாக்ஸுக்குத் தனிச் சேமிப்பிடம் இருப்பதால், அதன் தனியுரிமை, பாதுகாப்பு அமைப்புகளில் சான்றிதழ்களைத் திறந்து, ஆணையங்கள் பகுதியில் அதே கோப்பை இறக்குமதி செய்வது நல்லது.

ஓர் எச்சரிக்கை. இன்னும் நம்பாத ஒரு பக்கத்திலிருந்து இறக்கிய கோப்பை வைத்தே அப்பக்கத்தை நம்பப் போகிறீர்கள். எனவே நிறுவுவதற்கு முன், அதன் கைரேகை எண்ணை (சான்றிதழைத் தனித்து அடையாளம் காட்டும் குறியீடு) விசென்டரை நிர்வகிப்பவரிடம் ஒப்பிட்டுப் பாருங்கள். மூலச் சான்றிதழின் இரகசியச் சாவி யார் கையில் இருக்கிறதோ, அவரால் எந்த வலைத்தளத்தின் பெயரிலும் உங்கள் கணினி நம்பும் சான்றிதழை உருவாக்க முடியும். ஆதலால் நிர்வாகப் பணிக்கான கணினிகளில் மட்டுமே இதை நிறுவுங்கள்.

படி 3: மீண்டும் முயலுங்கள்

உலாவியை முழுவதுமாக மூடித் திறந்து, முதலில் ஹோஸ்டின் முகவரியைத் தனித் தாவலில் திறந்து பாருங்கள். எச்சரிக்கை வராவிட்டால் பதிவேற்றம் நடக்கும். பெயர் அல்லது காலாவதிப் பிழை மட்டும் எஞ்சியிருந்தால், ஹோஸ்டின் 'கான்ஃபிகர்' தாவலில் 'சர்டிஃபிகேட்' பகுதிக்குச் சென்று புதுப்பியுங்கள். ஐபி எண்ணால் சேர்க்கப்பட்ட ஹோஸ்டாயின், அதைப் பெயரால் மீண்டும் சேர்ப்பதே சரியான வழி.

விசென்டரைப் புதிதாக நிறுவினால் விஎம்சிஏவும் புதிதாகும். இந்தப் படிகளை மீண்டும் செய்ய வேண்டும். அப்போது பழைய மூலச் சான்றிதழை நீக்கிவிடுங்கள். விண்டோஸ் பட்டியலில் இரண்டுமே வெறும் 'சிஏ' என்ற பெயரில்தான் தெரியும் என்பதால், திறந்து பார்த்து, எது எந்த விசென்டருடையது என்று உறுதிசெய்த பிறகே நீக்குங்கள்.