வரி பாக்கி கழுத்தை நெரிக்கிறதா? நிபுணரிடம் போகும் முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

வரி பாக்கியோடு என்னிடம் வருபவர்களில் பலர் பிரிக்காத கவர்களைத்தான் மேசையில் வைப்பார்கள். பயம் புரிகிறது. ஆனால் உள்ளே அச்சாகியிருக்கும் கெடு தேதி யாருக்காகவும் நிற்காது.

படி 1: நோட்டீஸைப் பிரியுங்கள்

வெள்ளைத்தாளில் ஐந்தே வரி: எந்த ஆண்டு, அசல் வரி, வட்டி, அபராதம், பதில் தர வேண்டிய கடைசி நாள். மொத்தத் தொகையைப் பார்த்து மலைத்துப்போனவர்கள் இப்படிப் பிரித்து எழுதியதும் மூச்சு விடுவதைப் பார்த்திருக்கிறேன். கடும் நோய், குடும்பத்தில் மரணம் போன்ற காரணம் இருந்தால் அபராதத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்க பல நாடுகளில் வழியுண்டு. ஏற்கெனவே கட்டிய வரி வரவு வைக்கப்படாமல் விட்டுப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் அது பாக்கியே இல்லை.

படி 2: தாக்கல் செய்யாத கணக்கை முதலில் முடியுங்கள்

கையில் பணம் இல்லாவிட்டாலும் தாக்கல் செய்யுங்கள். அமெரிக்காவில் தாக்கல் செய்யாததற்கு அபராதம் மாதம் 5%, தாக்கல் செய்துவிட்டுப் பணம் கட்டாததற்கு 0.5%தான். பத்து மடங்கு வித்தியாசம்! இந்தியாவில் வரியைக் கட்டச் சொல்லி வரும் கோரிக்கை நோட்டீஸின் கெடு தாண்டினால் மாதம் 1% வட்டி. மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதக் கணக்கு.

படி 3: சரியான ஆளைத் தேடுங்கள்

கணக்குத் தகராறு, தவணை என்றால் ஆடிட்டர் போதும். வருமானத்தை மறைத்ததாகக் குற்றச்சாட்டு இருந்தால் நேராக வரி வக்கீலிடம் போங்கள். வக்கீலிடம் சொல்வதற்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு ஆடிட்டரிடம் சொல்வதற்குப் பல நாடுகளில் அந்த அளவு கிடையாது. வசதி குறைந்தவர்களுக்கு அமெரிக்காவில் இலவசமாகவோ சிறு கட்டணத்திலோ உதவும் வரி உதவி மையங்கள் இருக்கின்றன.

படி 4: முதல் சந்திப்பில் ஆளை எடைபோடுங்கள்

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள், அதைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை. "பத்தில் ஒரு பங்கு கட்டினால் போதும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று காகிதம் பார்க்காமலே ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பாக்கியைக் குறைத்து முடிக்கும் திட்டம் அமெரிக்காவில் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் உங்கள் வருமானம், செலவு, சொத்து எல்லாவற்றையும் அலசிய பிறகே துறை சம்மதிக்கும். நல்ல ஆள் முதலில் நோட்டீஸைக் கேட்பார், பிறகு வங்கிக் கணக்கு விவரம் கேட்பார், கடைசியில்தான் வாய் திறப்பார். உறுப்பினர் எண்ணைக் கேட்டு அவருடைய தொழில் சங்கத்தின் பட்டியலில் சரிபாருங்கள். என்ன வேலை, எவ்வளவு கட்டணம் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

படி 5: அதிகாரம் கொடுங்கள், பாஸ்வேர்டு வேண்டாம்

உங்கள் சார்பில் நிபுணர் பேச முறையான அங்கீகாரப் படிவம் உண்டு; அதற்காக உங்கள் வரிக் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் அது படிவம் 2848. அனுப்பும் ஒவ்வொரு கடிதத்துக்கும் நகல் கேளுங்கள். வரிப் பணத்தை அவர் கணக்கில் போடாமல் அரசின் தளத்தில் நீங்களே கட்டுங்கள்.

படி 6: தாங்கக்கூடிய தவணையைச் சொல்லுங்கள்

வாடகை, சாப்பாடு, மருந்து, பிள்ளைகள் படிப்பு போக மிஞ்சுவதிலிருந்து தொகையைச் சொல்லுங்கள். அதிகாரியைத் திருப்திப்படுத்தப் பெரிதாக ஒப்புக்கொண்டால், ஒரு தவணை தவறினாலே மொத்த ஏற்பாடும் ரத்தாகலாம். இந்த ஆண்டின் வரிக்கும் தனியாகப் பணம் எடுத்துவையுங்கள். புதிய பாக்கி சேர்ந்தாலும் அதே கதிதான்.