ஆப்ரோ முடியில் ட்விஸ்ட் அவுட்: முதல்முறை செய்பவர்களுக்கு

ஈர முடியை இரண்டு புரியாகச் சுற்றி, காய்ந்ததும் அவிழ்த்துச் சுருள் வடிவம் எடுப்பதுதான் ட்விஸ்ட் அவுட். ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நெருக்கமான சுருள்முடிதான் ஆப்ரோ முடி. அதைப் பார்த்தவுடன் 'முரட்டு முடி' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் சட்டென்று ஒடிவதில் இதை மிஞ்ச வேறு முடி கிடையாது. ஒவ்வொரு வளைவும் ஒடியக்கூடிய இடம். தலையில் சுரக்கும் எண்ணெயும் அத்தனை சுருளையும் தாண்டி நுனிவரை போய்ச் சேராது. அதனால் எப்போதும் வறண்டே கிடக்கும். ஆகவே காய்ந்த முடியில் சிக்கெடுக்க சீப்பை வைக்கவே வைக்காதீர்கள்.

இந்த முடிக்காக விற்கும் பாட்டில்களில் 4ஏ, 4பி, 4சி என்று போட்டிருப்பார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் சிகை அலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கர், முடியின் சுருளை வைத்துத் தொடங்கிவைத்த வகைப்பிரிப்பு அது. 4சி என்றால் மிக நெருக்கமான சுருள். எந்த எழுத்தானாலும் செய்முறை இதேதான்.

1. முடியை நான்காக வகிடெடுத்து கிளிப் போடுங்கள். ஷாம்புவை மண்டைத் தோலில் மட்டும் தேய்த்தால் போதும். வழிந்து இறங்கும் நுரையே முடியைக் கழுவிவிடும். வாரத்துக்கு ஒருமுறை போதுமானது.

2. இனி சிக்கெடுக்க வேண்டும். பொறுமை தேவைப்படுவது இங்கேதான். ஒரு பகுதியை மட்டும் அவிழ்த்து, தண்ணீர் சொட்டச் சொட்ட கண்டிஷனரைத் தாராளமாகப் பூசுங்கள். முதலில் விரலால் முடிச்சுகளைப் பிரியுங்கள். பிறகு அகலப்பல் சீப்பால் நுனியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வேர்ப்பக்கம் ஏறுங்கள். வேரிலிருந்து இழுத்தால் சிக்கு முழுவதும் கீழே திரண்டு முடிச்சாகிவிடும். பிரித்த பகுதியை அலசி, தளர்வாக முறுக்கி கிளிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

3. ஈரத்தோடு லீவ்-இன் கண்டிஷனர் (அலசாமல் முடியிலேயே விட்டுவிடுவது), அதன்மேல் ஷியா பட்டர். கானா, புர்கினா ஃபாசோ பக்கத்துப் பெண்கள் ஷியா கொட்டையை அரைத்துக் கடைந்து எடுக்கும் கொழுப்பு இது. சுண்டைக்காய் அளவு எடுத்து உள்ளங்கையில் தேய்த்தால் உருகிவிடும். வெறும் எண்ணெய் வறட்சியைப் போக்காது. உள்ளே இருக்கும் ஈரம் சீக்கிரம் ஆவியாகாமல் பிடித்துவைப்பதுதான் அதன் வேலை. நம் வீட்டுப் பழக்கப்படி காய்ந்த தலையில் எண்ணெய் வைத்துப் பயனில்லை.

4. விரல் தடிமனுக்கு முடியைப் பிரித்து இரண்டு புரியாக்கி, கயிறு திரிப்பதுபோல நுனிவரை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றுங்கள். நுனியை விரலில் சுருட்டிவிட்டால் அவிழாது. நெற்றியோரத்தில் மட்டும் இழுத்துப் பிடிக்காதீர்கள். அங்கே தொடர்ந்து இழுபட்டால் முடி கொட்டி, சிலருக்கு மறுபடி முளைக்காமலே போய்விடும்.

5. முழுக்கக் காயட்டும். அடர்த்தியான முடி என்றால் ஒரு ராத்திரி போதாது. உள்ளே ஈரம் இருக்கும்போது அவிழ்த்தால் வடிவம் நிற்காது, பொசுபொசுவென்று ஊதிவிடும்.

6. விரலில் இரண்டு சொட்டு எண்ணெய் தொட்டு, சுற்றிய திசைக்கு எதிராக அவிழுங்கள். வேரில் மட்டும் ஆப்ரோ சீப்பை (நீண்ட பற்கள் கொண்டது) கொடுத்துத் தூக்கிவிட்டால் நிறைவாகத் தெரியும். முடி பாதி நீளமாகச் சுருங்கிவிட்டதே என்று பதற வேண்டாம், சுருளின் இயல்பே அதுதான்.

ராத்திரி சாட்டின் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். பருத்தித் தலையணை உறை ஈரத்தை உறிஞ்சிவிடும். சில நாளில் சுருள் கலைந்ததும் உச்சியில் சேர்த்துத் தளர்வாகக் கட்டி, அடுத்த தலைக்குளியல்வரை ஓட்டிவிடலாம்.